கல்மேசைச் சதுரங்கம்: வாஷிங்டன் சதுக்கத்தின் கதை

சதுரங்கத்தின் வரலாறு பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்ட ஆட்டங்களின் வரலாறாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எவர் எவரோடு, எந்த ஊரில், எந்த ஆண்டில் ஆடினார், எத்தனையாவது நகர்த்தலில் எவர் ராணியைப் பலி கொடுத்தார் என்பதெல்லாம் பல தலைமுறைகளாகக் குறித்து வைக்கப்பட்டுள்ளன. ஆனால் உலகில் ஆடப்பட்ட ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தாளிலும் ஏறாதவை. திண்ணையிலும், ரயிலடியிலும், தேநீர்க் கடையிலும், பூங்காவிலும் ஆடப்பட்டு, காய்களை மறுபடி அடுக்கிய கணத்திலேயே மறைந்துபோனவை. அந்த மறைந்த ஆட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நகர்த்தல்களின் வரலாறு அல்ல, இடத்தின் வரலாறு. யார் எங்கே உட்காரலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம், உட்கார்ந்ததற்கு யாருக்குக் காசு தர வேண்டும் என்பதன் வரலாறு.

நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் உள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் தென்மேற்கு மூலையில், மேற்பரப்பிலேயே அறுபத்து நான்கு கட்டங்கள் பதித்த கல்மேசைகள் இருக்கின்றன. மேசை நகராட்சியுடையது. அதன் மேல் வைக்கப்படும் பிளாஸ்டிக் காய்களும் கடிகாரமும் அங்கே வழக்கமாக அமரும் ஆட்டக்காரருடையவை. எதிர் இருக்கை காலியாக இருக்கும். அவ்வழியே செல்பவரை ஒரு ஆட்டம் ஆடலாமா என்று அவர் அழைப்பார். ஐந்து டாலர், சில சமயம் பத்து. நியூயார்க்காரர்கள் இவர்களை ஹஸ்லர் என்கிறார்கள். ஆள் பிடித்துப் பந்தயத்துக்கு ஆடுபவர் என்று பொருள் கொள்ளலாம். ஏமாற்றுக்காரர் என்ற தொனியும் அச்சொல்லில் உண்டு. அந்தத் தொனி எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்ப்பதற்கு நாம் சற்றுப் பின்னால் செல்ல வேண்டும்.

*

காசு வைத்துச் சதுரங்கம் ஆடுவது பூங்காவில் பிறந்த பழக்கம் அல்ல. பாரிஸில் பலே ருவாயால் தோட்டத்தின் அருகே இருந்த கஃபே த லா ரெஜான்ஸ் என்ற காப்பிக் கடை, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சதுரங்கத்தின் தலைநகராக விளங்கியது. ஃபிலிடோர் அங்கே ஆடினார். ரூசோ அங்கே ஆடினார். தீதரோ அங்கே வேடிக்கை பார்த்தார். இசையமைப்பாளர் ரமோவின் தம்பி மகனைப் பாத்திரமாக்கி அவர் எழுதிய உரையாடல் நூல் அந்தக் கடையில்தான் நிகழ்கிறது. அதன் தொடக்கத்தில் கதைசொல்லி மாலை நேரத்தில் தோட்டத்து இருக்கையில் அமர்ந்து தன் சிந்தனைகளோடு பேசிக்கொண்டிருப்பவராக வருகிறார். குளிரோ மழையோ மிகும்போது மட்டுமே ரெஜான்ஸுக்குள் நுழைந்து ஆட்டம் பார்க்கிறார். தோட்டம் சிந்தனைக்கு, கடை சதுரங்கத்துக்கு என்ற பிரிவினை அன்று இருந்தது. வெட்டவெளியில் சதுரங்கம் என்பது பிற்காலத்தின் ஏற்பாடு.

கடைக்குள் ஆட்டம் இலவசம் அல்ல. அமர்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். வலுவான ஆட்டக்காரர்கள் பலவீனமானவர்களுக்கு ஒரு சிப்பாயையோ குதிரையையோ விட்டுக்கொடுத்துப் பந்தயம் கட்டி ஆடினார்கள். பலருக்கு அதுவே பிழைப்பு. லண்டனில் ஸிம்ப்ஸன்ஸ் திவான் என்ற புகழ்பெற்ற அறையிலும் இதே கதைதான். பிற்காலத்தில் உலக சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டெய்னிட்ஸ் லண்டனில் வாழ்ந்த ஆண்டுகளில் இப்படிச் சில்லறைப் பந்தயங்களில் வயிறு வளர்த்தவர்தான். 1886இல் அவருக்கும் ஸுக்கர்டோர்ட்டுக்கும் நடந்த, முதல் உலக சாம்பியன் போட்டி என்று இன்று நாம் கொண்டாடும் ஆட்டத் தொடரே, ஆளுக்கு 2000 டாலர் பந்தயம் கட்டி ஆடப்பட்டது. அந்தத் தொடர் நியூயார்க்கில்தான் தொடங்கியது. அதே நியூயார்க்கில், 1900ஆம் ஆண்டு ஆகஸ்டில், வார்ட்ஸ் தீவின் மனநல மருத்துவமனையில் ஸ்டெய்னிட்ஸ் வறுமையில் இறந்தார்.

ஆக, கல்மேசைக்காரரின் ஐந்து டாலரும் சாம்பியனின் இரண்டாயிரம் டாலரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிந்தையது மாலை மரியாதையோடு வரலாற்றில் ஏறியது. முந்தையது தெருவில் நின்றுவிட்டது.

*

வாஷிங்டன் சதுக்கத்தின் மண்ணுக்கும் ஒரு முன்கதை உண்டு. நியூயார்க் டச்சுக்காரர்களின் கையில் இருந்த 1640களில், அரைகுறை விடுதலை அளிக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளுக்கு இப்பகுதியில் நிலங்கள் வழங்கப்பட்டன. பழங்குடிகளின் தாக்குதல் வந்தால் முதலில் எதிர்கொள்ளும் எல்லைக்காப்பாக இவர்கள் இருப்பார்கள் என்பதும் அதன் கணக்கு. 1797இல் நகர நிர்வாகம் இந்த நிலத்தை வாங்கி ஏழைகளையும் அநாதைப் பிணங்களையும் புதைக்கும் இடமாக்கியது. மஞ்சள் காய்ச்சல் நகரைச் சூறையாடிய ஆண்டுகள் அவை. 1825இல் இடுகாடு மூடப்பட்டது, அடுத்த ஆண்டு இராணுவ அணிவகுப்புத் திடலாயிற்று, 1827இல் பூங்காவாயிற்று. புதைக்கப்பட்டவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். சுமார் 20,000 பேர் இன்றும் அந்தப் புல்தரைக்கடியில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 2009இல் பூங்காவைப் புதுப்பித்தபோது 1799ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று முழுதாகக் கிடைத்தது.

இடுகாட்டைச் சுற்றிப் பின்னர் செல்வந்தர்களின் செங்கல் மாளிகைகள் எழுந்தன. ஹென்றி ஜேம்ஸ் தன் நாவலுக்கு இந்தச் சதுக்கத்தின் பெயரையே வைத்தது 1880இல். வடக்கு வாயிலின் பளிங்கு வளைவு 1890களில் கட்டி முடிக்கப்பட்டது. தெற்கே குடியேறிகளின் நெருக்கமான குடியிருப்புகள், மேற்கே ஓவியர்களும் எழுத்தாளர்களும் என்று மூன்று உலகங்கள் சந்திக்கும் இடமாகப் பூங்கா மாறியது. 1917 ஜனவரி 23 இரவு, ஆறு பேர் அந்த வளைவின் உள்ளிருக்கும் படிக்கட்டு வழியே உச்சிக்கு ஏறி, கிரீனிச் வில்லேஜைச் சுதந்திரக் குடியரசாக அறிவித்தார்கள். அவர்களில் ஒருவர் மார்செல் துஷாம்ப். நவீன ஓவியத்தைப் புரட்டிப்போட்ட அவர் சில ஆண்டுகளிலேயே கலையைப் பின்னுக்குத் தள்ளிச் சதுரங்கத்தில் மூழ்கினார்; 1928 முதல் 1933 வரை ஒலிம்பியாடுகளில் பிரான்சுக்காக ஆடினார். அந்தக் குடியரசு விடியும்வரைகூட நீடிக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டான அறிவிப்பில் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பூங்கா யாருடையது? அடுத்த அரை நூற்றாண்டு முழுக்க நகரம் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது.

*

1950களுக்கு வருவோம். பொதுவெளிச் சதுரங்கத்துக்கு நியூயார்க்கில் அது ஒரு பொற்காலத்தின் தொடக்கம். நிதியாளர் பெர்னார்ட் பரூக் அளித்த நன்கொடையால் 1952இல் சென்ட்ரல் பார்க்கில் சதுரங்கத்துக்கென்றே ஒரு கட்டடமும் அதைச் சுற்றி மேசைகளும் அமைந்தன. தெற்கே வாஷிங்டன் சதுக்கத்தில் அதற்கு முன்பே ஆட்டம் சூடு பிடித்திருந்தது.

புகைப்படப் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் திரைப்படம் எடுக்கும் கனவோடு அலைந்த ஸ்டான்லி குப்ரிக் அக்காலத்தில் அங்கே நாள் முழுக்கச் சதுரங்கம் ஆடினார். கால் டாலர் பந்தயம். பகலில் நிழல் விழும் மேசை, இரவில் விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் மேசை என்று இடம் மாறி மாறி ஆடியதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அன்றைய சாப்பாட்டுச் செலவுக்கு அது உதவியது. 1956இல் வெளிவந்த அவருடைய ‘தி கில்லிங்’ படத்தில் ஒரு சதுரங்க அறைக் காட்சி வருகிறது. அதில் நடித்த பருத்த உடல் மல்யுத்த வீரர் கோலா குவாரியானி, நாற்பத்திரண்டாம் தெருவின் சதுரங்க அறையில் உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தவர்.

அதே காலத்தில் புரூக்ளினிலிருந்து ஒரு சிறுவனை அவனுடைய ஆசிரியர் இந்தப் பூங்காவுக்கு அழைத்து வந்தார். சிறுவன் பாபி ஃபிஷர். ஆசிரியர் புரூக்ளின் சதுரங்கக் கழகத்தின் தலைவராக இருந்த கார்மைன் நிக்ரோ. 1951 ஜனவரியில், புரூக்ளின் நூலகத்தில் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் பலருடன் ஒரே நேரத்தில் ஆடிய நிகழ்ச்சியில், ஏழு வயது ஃபிஷர் சில நிமிடங்களில் தோற்று அழுததைக் கண்டு அவனைச் சேர்த்துக்கொண்டவர் நிக்ரோ. ஃபிஷர் மிக மெதுவாக யோசிக்கிறான் என்பது அவருடைய கவலை. பூங்காவில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒரு நகர்த்தலுக்கு நெடுநேரம் எடுத்தால் எதிரில் இருப்பவரும் முறைப்பார்; பின்னால் இடத்துக்காகக் காத்து நிற்பவரும் முணுமுணுப்பார். பையனின் கையை விரைவுபடுத்த இதைவிட நல்ல பள்ளி கிடைக்காது என்று அவர் கணக்கிட்டார்.

1956 அக்டோபர் 17 அன்று, பதின்மூன்று வயது ஃபிஷர், டொனால்ட் பைர்னுக்கு எதிராக ராணியைப் பலி கொடுத்து வென்ற ஆட்டம் ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்ற பெயரோடு எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அது நடந்தது பத்தாம் தெருவில் உள்ள மார்ஷல் சதுரங்கக் கழகத்தில். கல்மேசைகளிலிருந்து சில நிமிட நடை. கழகத்தில் ஆடியது எழுதி வைக்கப்பட்டது. பூங்காவில் ஆடியவற்றை யாரும் எழுதவில்லை. வரலாற்றின் இந்தப் பாரபட்சத்துக்கு இதைவிட எடுப்பான உதாரணம் தேவையில்லை.

*

அந்த மேசைகள் நிலைத்தது தற்செயல் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நகரின் பூங்காக்களுக்கு 1934 முதல் 1960 வரை ஆணையராக இருந்தவர் ராபர்ட் மோசஸ். பாலங்களும் விரைவுச் சாலைகளும் கட்டி நியூயார்க்கின் முகத்தையே மாற்றியவர். ஐந்தாம் அவென்யூவை வாஷிங்டன் சதுக்கத்தின் நடுவே கொண்டுபோய்த் தெற்கே நீட்டிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதமான திட்டம். ஒரு கட்டத்தில் பூங்காவைப் பிளந்து செல்லும் தாழ்ந்த நால்வழிச் சாலையாகவும் அது வரையப்பட்டது.

அதை எதிர்த்து 1952இல் கிளம்பியவர்கள் ஷெர்லி ஹேய்ஸ் போன்ற அப்பகுதித் தாய்மார்கள். குழந்தைகளோடு நாள்தோறும் பூங்காவுக்கு வருபவர்கள். பின்னர் ஜேன் ஜேகப்ஸும் எலினார் ரூஸ்வெல்ட்டும் அவர்களோடு சேர்ந்தார்கள். தன்னை எதிர்ப்பவர்கள் ஒரு கூட்டம் தாய்மார்கள் மட்டுமே என்று மோசஸ் ஏளனம் செய்தார். அந்தத் தாய்மார்கள் வென்றார்கள். 1958இல் பூங்கா வாகனங்களுக்குப் பரீட்சார்த்தமாக மூடப்பட்டது. பின்னர் அந்தத் தடை நிரந்தரமாயிற்று. சாலை வந்திருந்தால் சதுரங்க மூலை பெருஞ்சாலையின் இரைச்சலுக்குள் ஒரு நடைபாதைத் திட்டாக மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது சண்டை பாட்டைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவின் நீரூற்றைச் சுற்றி நாட்டார் பாடகர்கள் கூடிப் பாடுவது வழக்கம். 1961 வசந்தத்தில் நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்தது. ஏப்ரல் 9 அன்று பாடகர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவிக்க, காவலர்கள் தடியோடு வந்தார்கள், சிலர் கைதானார்கள். சில வாரங்களில் பாட்டு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சதுரங்கக்காரர்கள் இவ்விரு போராட்டங்களுக்கும் தலைமை தாங்கியவர்கள் அல்லர். ஆனால் ஒரு பூங்கா என்பது கடந்து செல்வதற்கான வழி அல்ல, தங்கி இருப்பதற்கான இடம் என்ற கொள்கை அங்கே நிலைபெற்றது. சதுரங்கத்துக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு கொள்கைதான். அது குடை பிடித்து வந்த தாய்மார்களும் கிதார் வைத்திருந்த இளைஞர்களும் ஈட்டிக் கொடுத்தது.

*

இனி, அந்த மேசையில் நடக்கும் தொழிலைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆளுக்கு ஐந்து நிமிட ஆட்டம். கடிகாரத்தின் பொத்தானைத் தட்டிவிட்டால் எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். வலுவான நிலையில் இருந்தாலும் நேரம் தீர்ந்தால் தோல்வி. எனவே இங்கே வெல்வதற்கு மிகச் சரியான நகர்த்தல் தேவையில்லை. எதிராளி எதிர்பாராத நகர்த்தல் போதும். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வெட்டக் கொடுத்து, பதிலுக்குத் தாக்குதலைக் கைப்பற்றும் முரட்டு வழிகள் இங்கே செல்வாக்கானவை. நிதானமான போட்டியில் இவற்றுக்கு விடை கண்டுபிடித்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் அது எளிதன்று. வாயும் ஓயாது. கிண்டல், பாட்டு, எதிராளியின் நகர்த்தலுக்கு உரக்க ஒரு விமர்சனம் என்று பேச்சும் ஆட்டத்தின் ஒரு காயாகவே புழங்கும்.

இது சூதாட்டமா? நியூயார்க் மாநிலத்தின் தண்டனைச் சட்டம் சூதாட்டத்தை இரண்டு வகையாக வரையறுக்கிறது. தற்செயல் பெரும்பங்கு வகிக்கும் போட்டியின் மீது பொருள் வைப்பது ஒன்று; தன் கட்டுப்பாட்டுக்கோ செல்வாக்குக்கோ உட்படாத எதிர்கால நிகழ்வின் மீது பொருள் வைப்பது மற்றொன்று. சதுரங்கத்தில் பகடை இல்லை. ஆடுபவருக்கு முடிவு தன் கையில். ஆகவே இரண்டு வரையறைகளுக்குள்ளும் அவர் எளிதில் அடங்க மாட்டார். மேசையருகே நின்று இவர் வெல்வார் என்று பந்தயம் கட்டும் பார்வையாளரோ இரண்டாவது வரையறைக்குள் வந்துவிடுகிறார். ஆடுபவரையும் பார்ப்பவரையும் சட்டம் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பது சுவையான செய்தி.

ஏமாற்று இல்லையென்று சொல்ல வரவில்லை. திறமையை மறைத்து முதல் ஆட்டத்தைத் தோற்று, இரண்டாவதற்குப் பந்தயத்தை உயர்த்துவதும், கடிகாரத்தைத் தனக்குச் சாதகமாக வைப்பதும் அங்கே உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் இருந்தவர்களின் தரத்தை வைத்துப் பார்த்தால், ஏமாற்று என்ற சொல் போதாது என்று தோன்றும். 1980களில் அம்மேசைகளில் ஆடி, வீடின்றி அங்கேயே வாழ்ந்தவர் இஸ்ரேல் ஸில்பர். உலக சாம்பியன் மிகயீல் தாலைத் தந்த லாத்வியாவில் 1958ஆம் ஆண்டின் தேசிய சாம்பியன் அவர். பூங்காவுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டரே சதுரங்கக் கூடம் நடத்தி, பலகைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். அவர் நிக்கோலஸ் ரொசோலிமோ. சிசிலியன் தடுப்பாட்டத்தில் ஒரு கிளை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நியூயார்க்கில் அவர் டாக்சியும் ஓட்டினார். 1975இல் படிக்கட்டில் விழுந்து இறந்தார். சதுரங்கம் தன் கலைஞர்களுக்குச் சோறு போட்டதில்லை என்ற பழைய உண்மை ரெஜான்ஸிலிருந்து தாம்ஸன் தெரு வரை மாறவில்லை.

*

ஆடுபவர்களைப் போலவே பார்ப்பவர்களும் இந்த உலகின் குடிமக்கள். ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் நாலைந்து பேர் நிற்பார்கள். ஆட்டத்தில் வாய் வைக்கும் பார்வையாளருக்கு இத்திஷ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் கிபிட்ஸர். அதன் வேர் ஜெர்மன் மொழியில் ஒரு பறவையின் பெயர். அந்தப் பறவை நம் வயல்வெளிகளில், ஆள் வருவதைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆட்காட்டியின் இனம். சும்மா இருக்க முடியாமல் உள்ளதைச் சொல்லிவிடுகிறவருக்கு இரண்டு தொலைதூர மொழிகளும் ஒரே பறவையைப் பொருத்தமாக்கியிருப்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இந்த ஆட்காட்டிகளுக்கு எதிரான முறையீடும் பழையது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1786இல் அச்சிட்ட சதுரங்க ஒழுக்கம் பற்றிய கட்டுரையில் பார்வையாளர்களுக்கென்று தனி அறிவுரை உண்டு. வாய் திறவாதிருங்கள் என்பதே அதன் சாரம். யோசனை சொன்னால் எதிராளிக்குத் தீங்கு செய்கிறீர்கள். யாருக்குச் சொல்கிறீர்களோ அவருக்கும், தானே கண்டுபிடிக்கும் இன்பத்தைக் கெடுக்கிறீர்கள் என்று அவர் விளக்குகிறார். பூங்காவில் இந்த விதி நாள்தோறும் மீறப்படுகிறது. ஆயினும் பார்ப்பது அங்கே ஒரு கல்வி. கட்டணம் செலுத்த இயலாத சிறுவன் ஒருவன், ஒரு மாலை முழுக்க நல்ல ஆட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் நிற்கலாம். அதற்குச் சந்தா இல்லை, சிபாரிசு தேவையில்லை. ஐந்து டாலர் தருபவர் ஆட்டத்தை வாங்குகிறார். மற்றவர்களுக்கு அது இலவசம்.

அப்படி நின்றவர்களில் ஒருவன் ஆறு வயது ஜோஷ் வெய்ட்ஸ்கின். 1980களின் தொடக்கத்தில் தாயோடு விளையாட்டுத் திடலுக்குப் போகும் வழியில் மேசைகளைக் கண்டு நின்றவன், பிறகு அங்கேயே ஆடப் பழகினான். அவனுடைய தந்தை ஃபிரெட் 1988இல் எழுதிய நூலும், அதைத் தழுவி 1993இல் வந்த ‘சர்ச்சிங் ஃபார் பாபி ஃபிஷர்’ திரைப்படமும் இந்தப் பூங்காவை உலகுக்குக் காட்டின. படத்தில் சிறுவனுக்கு இரண்டு ஆசிரியர்கள். கட்டணம் பெற்று வீட்டுக்கு வரும் புரூஸ் பாண்டோல்ஃபினி நிதானத்தைக் கற்பிக்கிறார். பூங்காவின் வின்னி துணிச்சலைக் கற்பிக்கிறார். பூங்காவுக்குப் போகாதே என்று முன்னவர் தடுப்பது கதையின் முக்கிய முடிச்சு. கழகத்துக்கும் தெருவுக்கும் இடையிலான பழைய வழக்கை அந்தப் படம் ஒரு குழந்தையின் மனதில் வைத்து விசாரிக்கிறது.

படம் சிறுவனோடு போய்விடுகிறது. வின்னி மேசையிலேயே இருந்துவிடுகிறார். அங்கே அமர்பவர்களில் கறுப்பினத்தவர் அதிகம் என்பதையும், கழகங்களின் சுவர்ப் படங்களில் அவர்கள் நெடுங்காலம் அரிதாகவே இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஜமைக்காவில் பிறந்து பன்னிரண்டாம் வயதில் புரூக்ளினுக்கு வந்த மொரிஸ் ஆஷ்லி, அங்குள்ள பிராஸ்பெக்ட் பார்க்கில் கூடிய கறுப்பின ஆட்டக்காரர்களின் குழுவோடு மோதித்தான் வளர்ந்தார். ஈவிரக்கமின்றித் தோற்கடிப்பதும், தோற்றவன் புத்தகம் படித்துத் திரும்பி வருவதும் அவர்களுடைய கல்விமுறை. 1999இல் ஆஷ்லி கிராண்ட்மாஸ்டர் ஆனார். கறுப்பினத்தவரில் அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவர். ஒரு பூங்கா மூலை நடத்திய பள்ளிக்கு அது சான்றிதழ் எனலாம். பெண்களுக்கு இந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. 1959இல் அமெரிக்கப் பெண்கள் சாம்பியனான லிசா லேன், 1960களில் வில்லேஜில் தானே ஒரு சதுரங்கக் கூடம் நடத்தினார். வெளியே கல்மேசைகளைச் சுற்றி நின்ற கூட்டமோ பெரும்பாலும் ஆண்களுடையதாகவே நீடித்தது.

*

புதிய நூற்றாண்டில் மூடிய அறைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1877இல் தொடங்கிய மன்ஹாட்டன் சதுரங்கக் கழகம் 2002இல் மூடப்பட்டது. தாம்ஸன் தெருவில் நாற்பது ஆண்டுகள் இரவு பகலாக இயங்கிய வில்லேஜ் செஸ் ஷாப் 2012இல் மூடப்பட்டது. வாடகைதான் எல்லோரையும் தின்றது. மேசைகளுக்கு வாடகை இல்லை என்பதால் அவை நின்றன. ஆனால் அவற்றுக்கும் வேறு வகை நெருக்கடி வந்தது. பூங்காவின் நீண்ட புதுப்பிப்புப் பணிகளின்போது பல பந்தய ஆட்டக்காரர்கள் வடக்கே யூனியன் சதுக்கத்துக்குப் பெயர்ந்தார்கள். அங்கே கல்மேசை கிடையாது. பால் பெட்டிகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் பலகை விரித்தார்கள்.

2010இல் நகரின் வடகோடியில் உள்ள இன்வுட் ஹில் பூங்காவில் இன்னொன்று நடந்தது. சதுரங்க மேசைகளில் அமர்ந்திருந்த ஏழு பேருக்குக் காவலர்கள் அழைப்பாணை கொடுத்தார்கள். அவர்கள் சண்டையிடவில்லை, பந்தயம் கட்டியதாகவும் குற்றச்சாட்டு இல்லை. மேசைகள் குழந்தைகள் விளையாடும் திடலின் எல்லைக்குள் இருந்தன. குழந்தை உடன் இல்லாத பெரியவர்கள் அங்கே நுழையக்கூடாது என்பது விதி. நகராட்சியே சதுரங்க மேசை போட்டு, அதில் சதுரங்கம் ஆடியதற்காக நகராட்சியின் விதியாலேயே ஆட்களைப் பிடித்த விநோதம் செய்தித்தாள்களில் பேசப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்பு என்ற நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால் வேலையின்றி அமர்ந்திருக்கும் ஆணைச் சந்தேகிப்பது நகர நிர்வாகங்களுக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதை அது காட்டியது. சாலை கேட்ட மோசஸுக்கும், பாட்டுக்கு அனுமதி மறுத்தவர்களுக்கும், இந்த அழைப்பாணைக்கும் பொதுவான எண்ணம் ஒன்றுதான்: பூங்காவுக்கு வருபவர் ஏதாவது காரியத்துக்காக வர வேண்டும், முடித்துவிட்டுப் போக வேண்டும்.

2020இல் பெருந்தொற்று மூடிய அறைகளை அடைத்தபோது, வெட்டவெளி மேசையின் மதிப்பு மீண்டும் புலப்பட்டது. அதே அக்டோபரில் வெளிவந்த ‘தி குயின்ஸ் காம்பிட்’ தொடர் புதியவர்களைப் பலகைக்கு இழுத்தது. இன்று கிராண்ட்மாஸ்டர்கள் கேமராவோடு வாஷிங்டன் சதுக்கத்துக்கு வந்து பூங்கா ஆட்டக்காரர்களோடு மோதுகிறார்கள். அந்தக் காணொளிகளைத் தோள்மேல் எட்டிப் பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எழுதி வைக்கப்படாத ஆட்டங்கள் இப்போது பதிவாகின்றன. முன்பு மேசையருகே நின்ற பார்வையாளரால் ஆட்டக்காரருக்கு ஒரு லாபம் இருந்தது. இப்போது நிற்பவர் அடுத்து எதிர் இருக்கையில் அமரக்கூடும் என்பதே அது. திரையில் பார்ப்பவர் அந்த இருக்கைக்கு வரப்போவதில்லை.

ஃபிஷர் 1988இல் ஒரு புதுவகைக் கடிகாரத்துக்குக் காப்புரிமை கோரி, அடுத்த ஆண்டு பெற்றார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடிகள் சேர்த்துத் தரும் கடிகாரம் அது. நல்ல நிலையில் இருப்பவர் நேரமின்மையால் மட்டும் தோற்றுவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். இன்று பெரும் போட்டிகள் பலவும் அம்முறையில்தான் நடக்கின்றன. வேகம் கற்பதற்காகக் கல்மேசைக்கு அழைத்து வரப்பட்ட சிறுவன், வளர்ந்த பின் யோசிப்பதற்கு இன்னும் சற்று நேரம் கேட்டிருக்கிறான். பூங்காவிலோ இன்னமும் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். ஆட்டம் முடிந்ததும் காய்களை அடுக்கிவிட்டு, அந்த மேசைக்காரர் மறுபடி எதிர் இருக்கையைக் காட்டி அடுத்தவரை அழைப்பார். அந்த இருக்கையில் யாரும் அமரலாம் என்ற நிலை நீடிக்கும்வரை, சதுரங்கத்தின் எழுதப்படாத வரலாறு அங்கே தொடரும்.